வானத்தில் ஒரு மறியல்

மழை வருவதை ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுகிறார்கள். வந்த மழை எப்போது போகும், வெயில் எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டால்தான் வானிலை அறிஞர்கள் தயங்குகிறார்கள்.

2010 ஜூலை 29. மாஸ்கோவில் வெப்பமானி 38.2 டிகிரி செல்சியசைத் தொட்டது. வேலூர்க்காரருக்கு அது பங்குனி மாதத்துச் சாதாரண நாள். மாஸ்கோவுக்கோ, அளவெடுக்கத் தொடங்கிய காலம் முதல் காணாத வெயில். 1920-இல் பதிவான 36.8 டிகிரிதான் தொண்ணூறு ஆண்டுகளாக அந்த நகரின் உச்சம். அதுவே மூன்று நாள் முன்புதான் முறிந்திருந்தது.

ஒரு நாள் வெயிலை எந்த ஊரும் தாங்கிக்கொள்ளும். மாஸ்கோவைச் சாய்த்தது வெயிலின் பிடிவாதம். ஜூன் கடைசியில் மேற்கு ரஷ்யாவின் மேல் வந்து உட்கார்ந்த உயர் அழுத்தம், ஆகஸ்ட் நடுப்பகுதி வரை எழுந்திருக்கவில்லை. மேகம் கூடவில்லை, மண் காய்ந்தது. நகரைச் சுற்றி, எரிபொருள் வெட்டுவதற்காகச் சோவியத் காலத்தில் நீர் வடித்து விடப்பட்டிருந்த சதுப்பு நிலங்களில் தீப்பிடித்தது. மட்கிய தாவரப் படிவு எரிந்தால் சுடர் தெரியாது, மண்ணுக்கடியில் வாரக்கணக்கில் புகையும். அந்தப் புகை நகரை மூடியது, சுரங்க ரயில் நிலையங்களுக்குள்ளும் இறங்கியது. வழக்கமாக நாளொன்றுக்கு 360 முதல் 380 பேர் இறக்கும் நகரில் இப்போது 700 பேர் வரை இறக்கிறார்கள் என்று மாநகரச் சுகாதாரத் துறைத் தலைவர் ஆகஸ்ட் 9 அன்று ஒப்புக்கொண்டார். அந்தக் கோடையில் ரஷ்யா முழுவதும் கூடுதலாக இறந்தவர்கள் சுமார் 55,000 பேர் என்று பின்னர் கணக்கிட்டார்கள். கோதுமை கருகியது. ஆகஸ்ட் 15 முதல் தானிய ஏற்றுமதியை ரஷ்யா நிறுத்தியது.

அதே ஜூலை கடைசி வாரத்தில், மாஸ்கோவிலிருந்து ஏறக்குறைய மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி, வடக்குப் பாகிஸ்தானின் மலைகளில் மழை கொட்டியது. பருவமழை வழக்கமாக எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பும் பகுதி அது. அங்கே விழுந்த நீர் சிந்து நதியில் இறங்கி, நாட்டின் ஐந்தில் ஒரு பங்கு நிலத்தை மூழ்கடித்தது. பாதிக்கப்பட்டோர் இரண்டு கோடிப் பேர். இறந்தோர் ஏறக்குறைய இரண்டாயிரம் பேர்.

ஓரிடத்தில் தீ, இன்னோரிடத்தில் வெள்ளம். செய்தித்தாள்களில் இரண்டும் வேறு வேறு பக்கங்களில் வந்தன. வானத்தில் அவை ஒரே அலையின் மேடும் பள்ளமும். ரஷ்யாவின் மேல் மேடு நகராமல் நின்றதால், அதன் கிழக்குச் சரிவில் இருந்த பள்ளமும் நகர முடியவில்லை. வடக்கிலிருந்து இறங்கிய குளிர்காற்று அந்தப் பள்ளத்தின் வழியே பாகிஸ்தான்வரை வந்தது. தெற்கிலிருந்து ஈரத்தைச் சுமந்து வந்த பருவக்காற்றை மலையடிவாரத்தில் சந்தித்தது.

வானிலை அறிஞர்கள் இதற்கு வைத்திருக்கும் ஆங்கிலப் பெயருக்கு நேர்த்தமிழ் தேட வேண்டியதில்லை, நம் சாலைகளிலேயே இருக்கிறது: மறியல். நடுச்சாலையில் ஒருவர் உட்கார்ந்துவிட்டால் பின்னால் வருவதெல்லாம் தேங்கும், முன்னால் போனதெல்லாம் திசைமாறும்.

எதிர்நீச்சல் போடும் அலை

தரையிலிருந்து ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், பூமியின் நடு அட்சரேகைகளைச் சுற்றி மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. ஜெட் காற்றோட்டம் என்பார்கள். இதை முதலில் அளந்தவர்களில் ஒருவர் ஜப்பானின் வாசபுரோ ஓயிஷி. 1920-களில் தத்தேனோ என்ற ஊரில் பலூன்களைப் பறக்கவிட்டு, கண்ணால் பின்தொடர்ந்து கணக்கிட்டார். தன் கண்டுபிடிப்பு உலகம் முழுவதும் படிக்கப்பட வேண்டும் என்பதற்காக 1926-இல் அதை எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். உலகப் பொதுமொழி என்று அவர் நம்பிய அந்த மொழியை உலகம் படிக்கவில்லை. 1944-இல் ஜப்பான்மேல் குண்டுபோட வந்த அமெரிக்க பி-29 விமானங்கள் அந்தக் காற்றில் சிக்கித் தடுமாறியபோதுதான், அது எவ்வளவு வலுவானது என்று மற்றவர்களுக்கு உறைத்தது.

இந்த ஆறு நேராக ஓடுவதில்லை. வடக்கே ஏறி, தெற்கே இறங்கி, வளைந்து வளைந்து போகும். ஒவ்வொரு வளைவும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அகலம். சுவீடனில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய கார்ல்-குஸ்தாவ் ராஸ்பி, 1939-இல் இந்த வளைவுகளின் கணக்கை எழுதினார். அவர் சொன்னதை ஒரு மீனை வைத்துப் புரிந்துகொள்ளலாம். காற்றாறு கிழக்கே ஓடுகிறது. அலையோ, பூமி சுழல்வதால், மேற்கு நோக்கி எதிர்நீச்சல் போடுகிறது. அலை நீளமாக இருக்க இருக்க நீச்சலும் வேகமாகும். சிறிய அலையை ஆறு இழுத்துக்கொண்டு போய்விடும். நீளமான அலையின் நீச்சல் வேகமும் ஆற்றின் வேகமும் சரிசமமாகிவிட்டால்? கரையில் நின்று பார்ப்பவருக்கு மீன் அசையாமல் நிற்பதாகத் தோன்றும்.

அப்படி நிற்கும் அலைக்கு அடியில் இருக்கும் ஊர்களுக்குத்தான் சோதனை. மேட்டுக்கு அடியில் காற்று கீழ்நோக்கி அமுங்கிச் சூடாகும். பள்ளத்துக்கு அருகே மழை விட்டபாடில்லை. சில சமயம் வளைவு மிகவும் முற்றி, கிரேக்க எழுத்தான ஒமேகாவைப் போல நடுவில் பெரிய மேடும் இருபுறமும் இரண்டு பாதங்களுமாக நின்றுவிடும். 2023 செப்டம்பர் முதல் வாரத்தில் ஐரோப்பாவின் மேல் அப்படி ஓர் ஒமேகா நின்றது. நடுவில் பிரிட்டனும் பிரான்சும் வெயிலில் வாடின. மேற்குப் பாதத்தில் இருந்த ஸ்பெயினில் மழை பெய்தது. கிழக்குப் பாதத்தில் பிறந்த டேனியல் என்ற புயல், கிரேக்கத்தின் ஸாகோரா என்ற மலைக் கிராமத்தில் ஒரே நாளில் 75 சென்டிமீட்டர் கொட்டியது. பிறகு மத்தியதரைக் கடலில் அலைந்து லிபியாவுக்குப் போனது. அல்-பைதா நகரில் 24 மணி நேரத்தில் 41 சென்டிமீட்டர் பெய்தது. டெர்னா நகருக்கு மேலே இருந்த இரண்டு அணைகளும் செப்டம்பர் 11 விடிவதற்குள் உடைந்து, ஆயிரக்கணக்கானோரைக் கடலுக்கு அடித்துச் சென்றன.

சாய்ந்த கோடு, நிமிர்ந்த கோடு

மறியல் வருவதை எப்படி அறிவது? அதற்கு முன், மறியல் நடப்பதையாவது எப்படி அறிவது என்ற கேள்வியே சுலபமானதில்லை. காற்று அழுத்தம் தரையில் உள்ளதில் பாதியளவாகக் குறையும் உயரம் சுமார் ஐந்தரைக் கிலோமீட்டர். வட அரைக்கோளத்தில் இந்த உயரம் தெற்கே மேடாகவும் வடக்கே பள்ளமாகவும் இருப்பதுதான் இயல்பு. அந்தச் சரிவில்தான் மேற்குக் காற்று ஓடுகிறது. வடக்கு மேடாகவும் தெற்கு பள்ளமாகவும் புரண்டுவிட்டால் அங்கே மறியல் என்று பொருள். ஸ்டெஃபானோ திபால்டி, ஃபிராங்கோ மோல்டேனி என்ற இத்தாலியர் இருவர் 1990-இல் இந்த எளிய சோதனையை வகுத்தார்கள். 1950-இல் அமெரிக்கக் கடற்படை அதிகாரி டேனியல் ரெக்ஸ் இன்னும் கறாராக இருந்தார். ஜெட் காற்று இரண்டாகப் பிளந்து, அந்தப் பிளவு பத்து நாளாவது நிலைத்தால்தான் அதை மறியல் என்று ஏற்றுக்கொண்டார்.

எனக்கு மிகவும் பிடித்தது டென்மார்க்கைச் சேர்ந்த எர்னஸ்ட் ஹோவ்மொல்லர் 1949-இல் வரைந்த படம். வரைபடத்தாளின் குறுக்கே தீர்க்கரேகை, மேலிருந்து கீழாக நாள்கள். ஒவ்வொரு நாளும் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று வண்ணம் தீட்டிக்கொண்டே வந்தால், நகரும் வானிலை சாய்ந்த கோடுகளாக விழும். திங்கள்கிழமை இங்கிலாந்தில் இருந்த மழை புதன்கிழமை போலந்தில், வெள்ளிக்கிழமை உக்ரைனில் என்று கோடு வலப்பக்கம் சரிந்துகொண்டே போகும். எங்காவது அந்தச் சாய்வு நிமிர்ந்து செங்குத்தானால், வானிலை அங்கே நின்றுவிட்டது. 2010 கோடையை இப்படி வரைந்தால், மேற்கு ரஷ்யா இருக்கும் தீர்க்கரேகையில் வாரக்கணக்கில் நீளும் ஒரு தூண் எழுகிறது. கணினி பரவாத காலத்தில் பென்சிலால் கண்டுபிடித்த இந்த முறைக்கு, எழுபத்தைந்து ஆண்டு கழித்தும் ஓய்வு கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

ஹோவ்மொல்லரின் படமும் ரெக்ஸின் ஆய்வும் வெளியானது டெல்லஸ் என்ற இதழில். 1949-இல் ஸ்டாக்ஹோமில் அதைத் தொடங்கியவர் அதே ராஸ்பி. இந்த இதழின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நம் ஊர்ப் பக்கம் வரும்போது மீண்டும் தேவைப்படும்.

பெருங்களத்தூர்க் கணக்கு

பொங்கலுக்கு முந்தைய இரவு சென்னையிலிருந்து தெற்கே கிளம்பியவர்களுக்குப் பெருங்களத்தூர் தெரியும். விபத்து நடந்திருக்காது, மரம் விழுந்திருக்காது. சாலை தாங்கும் அளவைவிட வண்டிகள் கொஞ்சம் கூடியிருக்கும். ஒருவர் வேகத்தைக் குறைப்பார், பின்னால் ஐந்நூறு பேர் நிற்பார்கள்.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் நொபோரு நகமுராவும் கிளேர் ஹுவாங்கும் 2018-இல் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரை, ஜெட் காற்றில் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான் என்றது. அலைகளைச் சுமந்து செல்லக் காற்றாற்றுக்கு ஒரு கொள்ளளவு உண்டு. மலைகளும் கடற்கரைகளும் சில இடங்களில் ஆற்றை ஏற்கெனவே மந்தமாக்கி வைத்திருக்கின்றன. மேற்கிலிருந்து வழக்கத்தைவிட அதிக அலை அங்கே வந்து சேர்ந்தால் ஓட்டம் இன்னும் மந்தமாகும். மந்தமாவதால் அலை மேலும் குவியும். நெடுஞ்சாலைப் பொறியாளர்கள் போக்குவரத்து நெரிசலுக்கு எழுதிய சமன்பாட்டின் வடிவமே இங்கும் வந்து நின்றது. இது வெறும் உவமை அளவில் நிற்கவில்லை என்பதுதான் அதில் வியப்பு.

இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. மறியலின் முதல் அறிகுறி மறியல் நடக்கப்போகும் இடத்தில் தெரியாது. அங்கே வானம் தெளிவாகத்தான் இருக்கும். அறிகுறி மேற்கே, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், வேறொருவர் கடலில் உருவாகும் புயலில் இருக்கும்.

2021 ஜூனில் கனடாவின் மேற்குக் கரையில் நடந்ததைப் பாருங்கள். லிட்டன் என்ற சிறிய ஊர் ஜூன் 29 அன்று 49.6 டிகிரியைத் தொட்டது. அதற்கு முன் கனடா முழுவதற்குமான உச்சம் 1937-இல் பதிவான 45 டிகிரி. எண்பத்து நான்கு ஆண்டுச் சாதனையை நான்கரை டிகிரி தாண்டிப்போவது, நூறு மீட்டர் ஓட்டத்தில் ஒருவர் எட்டு விநாடியில் ஓடி முடிப்பது போன்றது. மறுநாளே அந்த ஊர் தீயில் அழிந்தது. நகமுராவும் ஹுவாங்கும் வேறொரு கூட்டாளியுடன் சேர்ந்து இந்த நிகழ்வைப் பின்னோக்கிப் பிரித்துப் பார்த்தபோது, சில நாள் முன்பு அலாஸ்கா வளைகுடாவில் சுழன்ற ஒரு புயல் அகப்பட்டது. அந்தப் புயலில் நீராவி குளிர்ந்து மழையாகியது. அப்படி ஆகும்போது வெளியிட்ட வெப்பம் மேலேறி, ஜெட் காற்றில் அலையைப் பெருக்கியது. கணக்கில் அந்த வெப்பத்தை மட்டும் எடுத்துவிட்டால் மறியல் வலுவிழந்துவிடுகிறது. அலாஸ்கா வளைகுடாவில் பெய்த மழைதான் லிட்டனில் வெயிலாகக் காய்ந்தது என்று சொன்னால் மிகையாகாது. மழையின் வெப்பம் மறியலுக்குத் தீனி போடுகிறது என்பதை 2015-இலேயே ஸ்டெஃபான் ஃபாலும் அவருடைய குழுவினரும் பல மறியல்களை வைத்துக் காட்டியிருந்தார்கள்.

இன்னொரு அறிகுறி காலடியில் இருக்கிறது. வசந்தத்தில் மழை பொய்த்து மண் காய்ந்திருந்தால், வெயிலின் ஆற்றல் ஈரத்தை ஆவியாக்குவதில் செலவாகாமல் நேரே காற்றைச் சூடாக்கும். 2003-இல் மேற்கு ஐரோப்பாவிலும் 2010-இல் ரஷ்யாவிலும் நிகழ்ந்ததை டியேகோ மிராயெஸ் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2014-இல் விளக்கினார்கள். பகலில் தரையிலிருந்து ஏறும் சூடு பல கிலோமீட்டர் உயரம்வரை கலந்துவிடுகிறது. இரவில் தரை குளிர்ந்தாலும் மேலே அந்தச் சூடு அப்படியே தங்குகிறது. மறுநாள் காலை வெயில் ஏறியதும் அது மீண்டும் கீழே கலக்கிறது. முதல் நாள் வெயில் கடன், இரண்டாம் நாள் வட்டியோடு கடன், மூன்றாம் நாள் வட்டிக்கு வட்டி. வானம் மாறாமல் நின்றாலும் தரையில் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட மோசமாவது இதனால்தான்.

ஐம்பத்தொரு கதைகள்

இங்கிலாந்தின் ரெடிங் நகரில் வேரூன்றிய ஐரோப்பிய நடுத்தரக் கால முன்கணிப்பு மையம், ஒரே நாளின் வானிலையிலிருந்து தொடங்கி ஒரே முன்கணிப்பை 51 முறை ஓட்டுகிறது. ஒன்றைத் தவிர மற்ற ஒவ்வொரு முறையும் தொடக்கத்தில் ஒரு சிறு மாற்றம். வானத்தை நாம் துல்லியமாக அளக்கவில்லை என்ற உண்மையைக் கணினிக்கும் சொல்லிவிடும் ஏற்பாடு இது. 51 கதைகளும் ஒரே முடிவுக்குப் போனால் நம்பலாம். பாதிக் கதைகளில் அலை நகர்ந்துபோய், மீதியில் நின்றுவிட்டால்? அந்தப் பிளவே ஓர் அறிகுறி. சாலை பிரியும் இடத்துக்கு வானம் வந்துவிட்டது என்று அது சொல்கிறது.

2021 கனடிய வெயிலை இந்தக் கதைகள் ஒரு வாரம் முன்பே சொன்னன. சொன்ன எண்கள் அதுவரை அங்கே யாரும் பார்க்காதவை என்பதால், கணினியில்தான் கோளாறு என்று சில முன்கணிப்பாளர்களே நினைத்தார்கள். கணினி சரியாகத்தான் சொல்லியிருந்தது. அப்படியும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 619 பேர் வெயிலால் இறந்தார்கள் என்று அங்குள்ள மரண விசாரணை அலுவலகம் கணக்கிட்டது. அவர்களில் நூற்றுக்கு 98 பேர் இறந்தது வீட்டுக்குள். மூன்றில் இரண்டு பங்கினர் எழுபது வயது தாண்டியவர்கள். வெயிலில் அலையாதீர்கள் என்ற வழக்கமான அறிவுரையை அவர்கள் மீறவில்லை. நான்கு சுவருக்குள் வட்டி ஏறிக்கொண்டிருந்தது.

எல்லா மறியலும் இப்படி முன்கூட்டியே பிடிபடுவதில்லை. ரெடிங் மையத்தின் மார்க் ராட்வெல்லும் குழுவினரும் 2013-இல் ஒரு சங்கடமான கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். ஐரோப்பாவுக்கான ஆறாம் நாள் முன்கணிப்பு சில சமயம் அடியோடு தவறுகிறதே, ஏன்? தவறிய நாள்களை அடுக்கிப் பார்த்ததில் ஓர் ஒற்றுமை கிடைத்தது. ஆறு நாள் முன்பு அமெரிக்காவின் ராக்கி மலைகளின் மேல் ஒரு பள்ளமும், அதற்குக் கிழக்கே பெரும் இடிமழைக்கான ஈரமும் இருந்திருக்கின்றன. அந்த இடிமழையைக் கணினி சற்றே தப்பாகப் போட்டாலும், அந்தத் தப்பு அலையோடு அட்லாண்டிக்கைத் தாண்டி ஐரோப்பாவில் மறியலாக விடியும். எங்கே தவறப்போகிறோம் என்பதையே முன்கூட்டிச் சொல்ல முடிகிற இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. முன்கணிப்பு அறிக்கைகளில் இது மக்கள்வரை வருவதே இல்லை என்பதுதான் குறை.

மறியல் கலைவதைச் சொல்வது அதைவிடக் கடினம். அசையாமல் நிற்பதால் அது உறுதியான நிலை என்று நினைக்கத் தோன்றும். வலேரியோ லூக்கரினி போன்ற கணிதவியலாளர்கள் கண்டது நேர்மாறானது. அவர்களுடைய கணக்கில் மறியல் நிலை, சாதாரண ஓட்டத்தைவிட அதிகமாகத் தள்ளாடுகிறது. நுனியில் நிறுத்திய குச்சியைப் போல, பார்க்க அமைதி, தொட்டால் எந்தப் பக்கம் விழும் என்று தெரியாது. ஏரி நாறப்போவதற்கு முன் அதன் நீர் சிறு அதிர்ச்சியிலிருந்து மீளவே அதிக நேரம் எடுத்துக்கொள்ளும் என்று சூழலியலாளர்கள் ஓர் அறிகுறியைச் சொல்வார்கள். அதை அப்படியே வானத்துக்கு ஏற்ற முடியாது. வானத்தில் மறியல் ஆண்டுக்கணக்கில் முற்றி வெடிப்பதில்லை, நான்கைந்து நாளில் கட்டிக்கொள்கிறது.

சுடும் பூமியில் மறியல்கள் பெருகுமா? ஆர்க்டிக் வேகமாகச் சூடாவதால் ஜெட் காற்று மந்தமாகி அதிகம் வளைகிறது என்று ஜெனிஃபர் ஃபிரான்சிசும் ஸ்டீஃபன் வாவ்ரசும் 2012-இல் எழுதினார்கள். அன்று தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. ஐ.நா. காலநிலைக் குழு தன் ஆறாம் அறிக்கையில் இதை உறுதிபடச் சொல்ல மறுத்துவிட்டது. சண்டை எந்தப் பக்கம் முடிந்தாலும் ஒன்று மாறாது. மறியலின் எண்ணிக்கை கூடாவிட்டாலும், அது உட்காரும் தரை இப்போது முன்பைவிடச் சூடு.

நம் பக்கத்து வானம்

வெப்பமண்டலத்தில் இருக்கும் நமக்கு ஜெட் காற்றின் மறியலோடு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இங்கேதான் டெல்லஸ் இதழ் மீண்டும் வருகிறது. 1962-இல் அதில் இந்திய வானிலை அறிஞர் சி. ராமசுவாமி ஒரு கட்டுரை எழுதினார். தென்மேற்குப் பருவமழை நடுவில் சில நாள் ஓய்ந்துவிடுகிறதே, அந்த இடைவெளி எப்படி வருகிறது என்பது அதன் பொருள். வடக்கே ஓடும் மேற்குக் காற்றின் பள்ளங்கள் தெற்கே இந்தியத் துணைக்கண்டம்வரை இறங்குவதை அவர் சுட்டிக்காட்டினார். அப்போது மத்திய இந்தியா காயும், இமயமலை அடிவாரம் வெள்ளக்காடாகும். வடக்கே உழவர் வானத்தைப் பார்த்து ஏங்கும் அந்த நாள்களில், தமிழ்நாட்டில் மாலை நேர இடிமழை பெய்யும். பத்தொன்பது ஆண்டு கழித்து, 1981-இல், சி.ஆர்.வி. ராமனும் ஒய்.பி. ராவும் நேச்சர் இதழில் நேரடியாகவே எழுதினார்கள்: ஆசிய நிலப்பரப்பின் மேல் நகராமல் நின்றுவிடும் உயர் அழுத்தங்களுக்கும் இந்திய வறட்சிகளுக்கும் தொடர்பு இருக்கிறது என்று. ரஷ்யத் தீயையும் பாகிஸ்தான் வெள்ளத்தையும் உலகம் ஒரே அலையில் கோத்துப் பார்ப்பதற்கு முப்பது ஆண்டு முன்பு அது.

நின்றுவிடும் வானிலைக்குச் சின்ன உருவமும் உண்டு. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல், ஏறிய இடத்திலேயே மணிக்கணக்கில் நின்றது. புயலுக்குச் சொந்தக் கால் கிடையாது, சுற்றியுள்ள காற்று தள்ளினால்தான் நகரும். இருபுறமும் இருந்த உயர் அழுத்தங்கள் எதிரெதிராகத் தள்ளியதில் அது நடுவில் மாட்டிக்கொண்டது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை, மயிலத்தில் சுமார் 50. காற்றின் வேகத்தை வைத்துப் பார்த்தால் ஃபெஞ்சல் பெரிய புயலே இல்லை. தானே, வர்தா, கஜா என்று பார்த்துப் பழகிய மக்கள் காற்றுக்குத் தயாராக இருந்தார்கள். தங்குவதற்கு வந்த புயலுக்குத் தயாராக இல்லை.

தங்கும் நாளுக்கு ஓர் எச்சரிக்கை

நம் வானிலை அறிக்கைகளின் மொழியைக் கவனித்துப் பாருங்கள். அடுத்த 24 மணி நேரத்தில், அடுத்த 48 மணி நேரத்தில் என்றுதான் அவை பேசும். வருகையைச் சொல்லும் மொழி அது. புயலுக்கு அது போதும், ஏனென்றால் பெரும்பாலான புயல்கள் வந்த வேகத்தில் போய்விடும். மறியலுக்கு அந்த மொழி போதாது. இந்திய வானிலைத் துறை ஒவ்வொரு வியாழனும் நான்கு வாரத்துக்கான நீண்ட கால முன்கணிப்பை வெளியிடத்தான் செய்கிறது. எத்தனை மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் அதை யாராவது அச்செடுத்துப் படிக்கிறார்கள் என்பது வேறு கேள்வி.

நாள்களை வைத்து எச்சரித்தால் என்ன ஆகும் என்பதற்கு வங்கதேசம் உதாரணம். ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தின் பீட்டர் வெப்ஸ்டர், ரெடிங்கின் பல கதைகளை எடுத்து, பிரம்மபுத்திராவின் வெள்ளத்தைப் பத்து நாள் முன்பே சொல்லும் முறையை அமைத்தார். 2007, 2008 வெள்ளங்களின்போது அந்த எச்சரிக்கை சில கிராமங்கள்வரை போய்ச் சேர்ந்தது. விளைந்ததை முன்கூட்டி அறுத்தார்கள், மாடுகளை மேட்டுக்கு ஓட்டினார்கள், உணவையும் குடிநீரையும் சேர்த்து வைத்தார்கள். 2010-க்குப் பிறகு அதே வெப்ஸ்டர் பாகிஸ்தானின் மழையைத் திருப்பிப் பார்த்தார். அந்தப் பேய்மழையையும் ஆறு முதல் எட்டு நாள் முன்பே கதைகள் காட்டியிருந்தன. சிந்து நதியின் வெள்ளம் வடக்கிலிருந்து கடலோரத்துக்கு வர அதற்கு மேலும் வாரக்கணக்கில் ஆனது. கணினியில் இருந்த செய்தியைக் கரையில் இருந்தவர்களிடம் கொண்டுபோக அங்கே ஏற்பாடு இல்லை.

இன்னொரு உதாரணம் பிரான்ஸ். 2003 ஆகஸ்டில் ஐரோப்பாவின் மேல் நின்ற மறியலில் அங்கே மட்டும் சுமார் 15,000 பேர் கூடுதலாக இறந்தார்கள், பலர் தனியாக வாழ்ந்த முதியவர்கள். ஊரே கோடை விடுமுறைக்குப் போயிருந்த மாதம். அடுத்த ஆண்டே அரசு ஒரு வெயில் எச்சரிக்கை முறையை உருவாக்கியது. 2006-இல் மீண்டும் கடும் வெயில் வந்தபோது, எதிர்பார்த்ததைவிட நான்காயிரத்துக்கும் மேற்பட்ட மரணங்கள் குறைந்திருந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

அந்த முறையில் ஒரு நாள் உச்ச வெப்பத்தைப் பார்ப்பதில்லை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் ஊர்ப் பழமொழி. பிரெஞ்சுக்காரர்களும் வெயிலுக்கு மூன்று நாள் கணக்குத்தான் வைத்தார்கள். அடுத்தடுத்த மூன்று பகல்களின் சராசரி, அதோடு மூன்று இரவுகளின் சராசரி. இரண்டும் எல்லையைத் தாண்டப்போகின்றன என்று தெரிந்தால் எச்சரிக்கை கிளம்பும். தனியாக இருக்கும் முதியவர்களின் பட்டியல் நகராட்சியிடம் இருக்கும், தொலைபேசி மணி அடிக்கும். எல்லை ஊருக்கு ஊர் வேறு. பாரிசுக்குப் பகல் 31 டிகிரி, இரவு 21 டிகிரி. சென்னையில் 21 டிகிரி என்பது மார்கழி விடியலில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும் குளிர். பாரிசின் கூரையடி அறைகளில் தனியாகப் படுத்திருக்கும் முதியவருக்கு, மூன்று இரவு அதற்குக் கீழே இறங்காவிட்டால், யாராவது கதவைத் தட்ட வேண்டும்.